தவசிலிங்கத்தின் குரல் போன இடங்கள்

உப்போடையில் பைபாஸ் ரோட்டோரம் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்த தவசிலிங்கத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மதுரையில் டாக்டர்கள் நாள் குறித்துக் கொடுத்த பிறகு, அதுவரை பேசாமல் விட்டதையெல்லாம் மொத்தமாகப் பேசித் தீர்த்துவிடப் போகிறவரைப்போல, அவர் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பேசுகிற மனிதர் இல்லை. பட்டறையில் சூடான ரப்பர் வாசத்துக்கு நடுவே வேலையாட்களிடம் கையால்தான் பேசுவார். வீட்டில் மனைவியைக் கூப்பிட ஒரு செருமல், சாப்பாடு போதுமென்றால் இலைக்கு மேல் ஓர் உள்ளங்கை, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செண்பகவல்லி அந்தச் செருமலுக்குத் திரும்பிப் பார்த்தே பழகியிருந்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கூட்டுறவு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவள், ஆலை மூடியதும் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, ஊராருக்கு மனுவும் பத்திரமும் டைப் அடித்துக் கொடுத்துவந்தாள். அவள் டைப் அடிக்கிற சத்தமும் அவர் செருமுகிற சத்தமும் சேர்ந்ததுதான் அந்த வீட்டின் பேச்சு.

அப்படிப்பட்டவர், ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் தினமும் சாயங்காலம் அவளைக் கோயிலுக்கோ கடைக்கோ அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். திரும்பி வரும்போது வாசலில் நின்றால், கொதிக்கிற உலைமாதிரி ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். ஒரு நாள் அவள் பொறுக்காமல் கேட்டாள்.

"அப்படி என்னதான் பேசுறீக? எனக்குச் சொல்லக் கூடாதா?"

"உனக்குத்தான் சொல்றேன்." குரல் அப்போதே பாதி கரைந்திருந்தது. "ஆனா இப்பக் கேக்காத. தொண்டை போயிட்டு வந்தப்புறம், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீ போட்டுக் கேளு. நான் ஆமான்னு தலையாட்டுறேன்."

அதுதான் அவர் அவளிடம் நேராகச் சொன்ன மிக நீளமான பேச்சு. மதுரைக்குப் போனார். ஆபரேஷன் மேசையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. தலையாட்டுவதற்கு ஆள் இல்லாமல் அந்தக் குரலைக் கேட்க அவளுக்குத் தைரியம் வராமல், இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தாள். கடைசியில் ஒரு நாள் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியபோது, கம்ப்யூட்டர் ஒரு நீலத் திரையைக் காட்டியது. அதற்குமேல் ஒன்றும் காட்டவில்லை.

"உள்ளே இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கு. ஓட்டுற சிஸ்டம்தான் செத்துப்போச்சு" என்றான் கடைவீதியில் ரிப்பேர் பார்க்கிறவன். "புதுசு எதுவும் இவ்வளவு பழைய மெஷின்ல ஏறாது." பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நன்மாறன், முன்பு பலமுறை அவளிடம் டைப் அடிக்க வந்தவர், விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு பென் டிரைவோடு வந்தார். "லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, அதைப் போடுவோம்க்கா. எந்தக் கிழட்டு மெஷின்லயும் ஓடும். யாருக்கும் அடிமை கிடையாது, எல்லாருக்கும் பொது" என்று, புது மதத்தைச் சொல்ல வந்தவரைப்போலக் கண்கள் மின்னச் சொன்னார். கூட இருந்து போட்டுத் தருவதாகவும் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். கணவர் குரல் இருக்கிற பெட்டிக்குள் இன்னொருவர் கை போவது அவளுக்குச் சம்மதமாக இல்லை.

அப்படியாக அவள் தனியாக உட்கார்ந்தாள். பென் டிரைவிலிருந்து எழுந்திரு என்று மெஷினிடம் சொல்வதற்கு எந்த விசையை அழுத்துவது என்றே முதலில் தெரியவில்லை. பிறகு வட்டு முழுவதையும் அழித்துவிடவா, வேறு ஏதாவது செய்யவா என்று கேட்கிற திரை வந்தபோது மவுஸை நகர்த்தி வேறு ஏதாவது என்பதை அழுத்தினாள். கடவுச்சொல்லைக் கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதோ என்று பயந்து வேறொன்று வாங்கி வந்து மாட்டி அதிலும் அடித்த பிறகுதான், அது அப்படித்தான், கண்ணுக்குக் காட்டாமலே வாங்கிக்கொள்ளும் என்று புரிந்தது. இன்டர்நெட் வரவில்லை, வரவேண்டுமானால் டிரைவர் என்கிற ஒரு மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றது, வாளி விழுந்த கிணற்றுக்குள் கயிறும் கிடப்பதைப்போல. தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக எழுத்துகள் சிதறின. பிரிண்டர் வெறும் தாளைத் துப்பியது. ஒவ்வொன்றையும் அவள் நன்மாறனுக்குப் போன் செய்து கேட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும், "என்னோடதுல நல்லா வேலை செய்யுதேக்கா" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுவிட்டு, ஒரு வரி கட்டளை சொல்லிக்கொடுத்தார். அவள் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்து ஒவ்வொரு கோளாறாகக் கடந்துவந்தாள். தவசிலிங்கத்தின் பேச்சுகள் இருந்த ஃபோல்டர், அவர் வைத்த பேரோடு, அப்படியே பத்திரமாக இருந்தது.

ஆனால் சத்தம் வரவில்லை. ஒலிக்கான திரையைத் திறந்தால், ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் 'போலி வெளியீடு' என்று எழுதியிருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று, காலையில் குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவருடைய முதல் பேச்சை ஓட்டினாள். கோடு நகர்ந்தது. பச்சை வரிகள் உயர்ந்தன, தாழ்ந்தன. அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. கோடு முடிவுக்கு வந்து நின்றது.

அந்த நேரத்தில், நாலு தெரு தள்ளி, கோயில்பிள்ளை அண்ணாச்சியின் மாவு மில்லில் பெல்ட் கழன்று மிஷின் நின்றிருந்தது. வத்தல் தூளுக்கும் அரிசி மாவுக்கும் டப்பாக்களோடு பெண்கள் காத்திருந்தார்கள். தானியம் கொட்டுகிற தகரத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு, "செண்பகம், கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு. நாந்தான்" என்றது.

தொட்டிக்குள் எட்டிப்பார்த்த பெண்கள் உள்ளே யாரும் இல்லை என்று கண்டு, ஒருவர் பின் ஒருவராக முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக நின்றார்கள். செத்தவர் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. அதைவிட, தவசிலிங்கம் இவ்வளவு பேசுகிறாரே என்பதுதான் அவர்களுக்கு அதிசயமாக இருந்தது. பேச்சு முடிந்ததும் அண்ணாச்சி கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் தட்டாமல் செண்பகவல்லி வீட்டுக்கு நடந்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ளை மில்லுல பேசினாக."

"என்ன பேசினாக அண்ணாச்சி?"

"உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக."

அவள் சிரித்துவிட்டாள். "அப்படின்னா அது அவுக இல்ல. என் பேரு அவுகளுக்குத் தெரியும்கிறதே எனக்குச் சந்தேகம்."

"தெரிஞ்சிருக்கு தாயி. பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாக. அப்புறம், 'நீ ஓடைப் பாலத்துல வரும்போதே உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தான் நான் விளக்கைப் போடுவேன்'னு சொன்னாக."

செண்பகவல்லி சிரிப்பை நிறுத்தினாள். எத்தனையோ வருஷம் ஆலையிலிருந்து இருட்டியபின் வீடு திரும்பியிருக்கிறாள். அவள் தெருவுக்குள் திரும்பும்போது வாசல் விளக்கு எரியாமல் இருந்ததே இல்லை. அது எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற விளக்கு என்று நினைத்திருந்தாள்.

மறுநாளும் ஓட்டினாள். வீட்டில் கோடு நகர்ந்தது, குரல் டீக்கடை பாய்லருக்குள்ளிருந்து வந்தது. அடுத்தது முடிதிருத்துகிற கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது, அதற்கடுத்தது மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியாக இறங்கி, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களின் குடத்துக்குள் நிறைந்தது. எந்தப் பேச்சு எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பேயாக இருக்குமோ என்று சிலர் அம்மன் கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்து, "பேயின்னா பசிக்கும். படையல் கேக்கும். இவரு ஒண்ணுமே கேக்கலையே, சொல்லிக்கிட்டுதானே இருக்காரு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் அதைப்பற்றி விசாரணை இல்லை. மழை பெய்கிற ஊரில் மழைக்குத் தக்கபடி கூரை வேய்வதைப்போல, குரல் வருகிற ஊராகிவிட்ட உப்போடை குரலுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அவள் முற்பகலில்தான் ஓட்டுவாள் என்று தெரிந்ததும், அந்த நேரத்தில் மில் பெல்ட்டை நிறுத்தினார்கள். பஸ்காரர்கள் ஊருக்குள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, "இரு, அவரு பேசி முடிக்கட்டும்" என்று பாதி வசவை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அதோடு ஒரு வழக்கமும் உண்டானது, யார் தொடங்கியது என்று தெரியாது. குரலைக் கேட்டவர், செண்பகவல்லியிடம் அதைச் சொல்லும்வரை வேறு பேச்சு பேசக்கூடாது. வாயில் இருப்பது இன்னொருத்தியின் சொத்து, அதன்மேல் தன் பேச்சைப் போட்டுக் கசக்கிவிடக்கூடாது என்று நினைத்தார்கள். எனவே முற்பகல் நேரங்களில், வாயை இறுக மூடிக்கொண்டு ஓர் ஆணோ பெண்ணோ தெருவில் விடுவிடுவென்று நடந்துபோவதைக் கண்டால், எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்ப் பந்தல் பானைக்குள் குரலைக் கேட்ட கண்டக்டர் ஒருவர், பஸ் கிளம்புகிற நேரமாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் வண்டியேறி, அடுத்த ஊர்வரை கையாலேயே டிக்கெட் கொடுத்து, கையாலேயே சில்லறை கேட்டு, சாயங்காலம் திரும்பி வந்து அவள் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரரு, நீங்க சோறு வடிக்கும்போது வலது தோளைச் சாச்சுக்குவீங்கன்னும், அதைப் பாக்கத்தான் அடுப்படிக்குத் தண்ணி குடிக்க வருவாருன்னும் சொன்னாரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு முதல் முறையாக மூச்சை நன்றாக விட்டார்.

செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டாள். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு ஏன் கேட்கவில்லை என்று தேடினாள். ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. தானியத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்திப் போனில் பதியச் சொன்னாள். தொட்டியில் குரல் வந்த நாளில் பதிந்ததிலும் தெருநாய் குரைப்பது மட்டும் இருந்தது. பேச்சைப் பென் டிரைவில் எடுத்துப் போய் வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டினாள். அங்கேயும் மௌனம், ஊரிலும் மௌனம். பக்கத்து வீட்டு மாரிக்கனியை உட்காரவைத்து ஓட்டச் சொல்லிவிட்டு இவள் மில்லில் போய் நின்று பார்த்தாள். மாரிக்கனி அழுத்தினால் குரல் எங்கேயும் வரவில்லை. செண்பகவல்லியின் விரல் பட வேண்டும், இவளுடைய மெஷினாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் பேசினார். அவள் இல்லாத இடத்தில் பேசினார்.

உலகமெங்கும் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்டுக்கொள்கிற இணையதளத்தில், தன் நூற்பாலை இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். எங்கெங்கோ இருப்பவர்கள் பதில் போட்டார்கள். ஒருவர் இந்தக் கட்டளையை அடித்து வருவதைக் காட்டு என்றார். ஒருவர் இதை ஏற்கெனவே பலர் கேட்டாகிவிட்டது, தேடிப் படி என்று கோபித்தார். இன்னொருவர் தன்னுடையதில் நன்றாக வேலை செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். தேடிப் படித்தாள். பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், அவளுடைய அதே மெஷினில் அதே கோளாறோடு தவித்து எழுதியிருந்தார். கீழே அவரே, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று முடித்திருந்தார். எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை. அவள் அவருக்கு எழுதினாள். ஐயா, தயவுசெய்து சொல்லுங்கள் என்று மறுபடியும் எழுதினாள். அவர் அந்தப் பக்கம் வருவதை எப்போதோ விட்டிருந்தார். மாவு மில்லைப்பற்றி அவள் யாருக்கும் எழுதவில்லை. அவர்கள் கேட்ட விவரங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை.

பிறகுதான் கோயில்பிள்ளை அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "கம்ப்யூட்டரையே மில்லுக்குக் கொண்டாந்திரு தங்கச்சி. நீ இங்க இருந்து போடு, இங்கயே கேளு." அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு, அண்ணாச்சியின் லோடு ஆட்டோவில், பெட்டியை மடியில் பிள்ளைமாதிரி பிடித்துக்கொண்டு போனாள். மில்லில் ஒரு மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். அவள் ஒயர்களை மாட்டி, இதுவரை ஓட்டாத ஒரு பேச்சை ஓட்டிவிட்டு, தானியத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதை உள்ளே கொடுத்தாள். கோடு முழுவதும் நகர்ந்தது. தொட்டிக்குள் மாவு வாசம் மட்டும் இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது, மாரிக்கனி வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க?" என்றாள் செண்பகவல்லி.

"உங்க வீட்ல மதினி. பூட்டின வீட்டுக்குள்ள இருந்து."

"என்ன சொன்னாக?"

"'வந்துட்டியா? வா, வாசல்லயே நிக்காத. வந்து உக்காரு, உன்கிட்டப் பேசணும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்' அப்படின்னாக. அதுக்கப்புறமும் பேசினாக மதினி. எனக்குத்தான் அழுகையில காது அடைச்சுப்போச்சு."

செண்பகவல்லி கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். வெயிலில் செருப்பில்லாமல், ஐம்பது வயதைத் தாண்டிய உடம்போடு, ஓடைப் பாலத்தில் ஓடி, சாவி கைக்கு அகப்படாமல் பூட்டோடு போராடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முன்னறையில் மேசை வெறுமையாக இருந்தது. நாற்காலி அவள் விட்டுப்போனபடியே இருந்தது. அவள் அந்த நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "வந்துட்டேன், சொல்லுங்க" என்றாள். "சொல்லுங்க, வந்துட்டேன்" என்றாள். வாசலில் வந்து நின்ற ஊர்க்காரர்கள் அதைக் கேட்க முடியாமல் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பெட்டி அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. அவள் ஓட்டினாள், ஊர் கேட்டது, ஊர் வந்து சொன்னது. கேஸ் அடுப்பின் ரப்பர் வளையத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று சொன்னார். பட்டறையை யாருக்கு விற்றால் நல்லபடியாக நடத்துவார்கள் என்று சொன்னார். ஆலை மூடிய அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், பட்டறைக்குப் போய் ஒரு நல்ல டயரை வீணாக அறுத்துப் போட்டதைச் சொன்னார். சொல்ல வந்தவர்கள், முதலில் கூச்சத்தோடு சொன்னவர்கள், போகப்போக அவர் பேச்சிலேயே ஊறி, வீட்டில் தங்கள் மனைவிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உப்போடையில் அந்த வருஷம் கணவன் மனைவி சண்டைகள் குறைந்தன என்று சொல்வார்கள்.

ஒரு நாள் மில்லில் அண்ணாச்சி மட்டும் இருக்கும்போது குரல் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு வந்து, அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த மோரைத் தொடவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இது என் வாயில வராது தாயி."

"ஏதும் திட்டினாகளா?"

"திட்டலை. இது ஒரு புருசன் பொண்டாட்டிகிட்டச் சொல்றது. நான் உனக்கு அண்ணன் முறை. நான் எப்படிச் சொல்ல?"

"அண்ணாச்சி, எனக்கு வேற காது இல்ல. நீங்கதான் காது."

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து அழுகைதான் வந்தது. எழுந்து போய்விட்டார். வீட்டில் தன் மனைவியிடம் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் வந்து, செண்பகவல்லியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போனாள். செண்பகவல்லி அந்தப் பேச்சை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை சொன்னதை அவர் மறுபடி சொல்லவில்லை. உயிரோடிருந்தபோதும் அவர் அப்படித்தான்.

அந்த ராத்திரி படுக்கையில், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் குரலிலேயே நினைத்துப் பார்க்க முயன்றாள். குரல் வரவில்லை. ஓடைப் பாலத்துச் செருப்புச் சத்தத்தைப்பற்றிச் சொன்னதை நினைத்தாள், அது கோயில்பிள்ளை அண்ணாச்சியின் கனத்த குரலில் வந்தது. சோறு வடிப்பதைப்பற்றிச் சொன்னதை நினைத்தாள், கண்டக்டரின் அவசரக் குரலில் வந்தது. வா, வாசல்லயே நிக்காத என்பது மாரிக்கனியின் குரலில், அழுகையோடு வந்தது. அவர் அவளிடம் நேராகச் சொன்ன ஒரே நீளமான பேச்சை, தலையாட்டுறேன் என்று முடிந்ததை, கடைசியாகத் தேடினாள். அது எந்தக் குரலிலும் வரவில்லை. வார்த்தைகள் மட்டும், நன்மாறன் சொல்லித்தரும் கட்டளையைப்போல, கறுப்பில் வெள்ளையாக வரிசையாக நின்றன. எழுந்து உட்கார்ந்து, செருமிப் பார்த்தாள். அது அவளுடைய செருமலாகத்தான் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து ஓடையில் தண்ணீர் வந்த சமயத்தில் ஒரு நாள் காலையில் நன்மாறன் வந்தார். முன்பிருந்த மினுக்கம் அவர் கண்ணில் இல்லை. தான் கொடுத்த பென் டிரைவால்தான் இதெல்லாம் வந்தது என்ற எண்ணத்தில் அவர் சில மாதங்களாக இளைத்துப்போயிருந்தார். "அக்கா, புதுப் பதிப்பு வந்திருக்கு. உங்க மெஷினோட சத்தக் கோளாறை இதுல சரிபண்ணியிருக்கிறதாப் போட்டிருக்கான். நீங்க விரும்பினா மட்டும்" என்றார். அவள் சரி என்றாள். அணைக்காதே, அணைக்காதே என்று திரை சொல்லிக்கொண்டே இருக்க, சதவீதம் ஏறியது. மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்ததும், மேசையிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து மணி அடித்தமாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. நன்மாறன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கேட்க வேண்டியதை அவள் தனியாகக் கேட்கட்டும் என்று, காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் அன்றைக்கு முற்பகல் வந்தது. பெல்ட்டை நிறுத்தினார்கள், பாட்டை நிறுத்தினார்கள். தொட்டியில் குரல் வரவில்லை, பாய்லரில் வரவில்லை, குடத்தில் வரவில்லை. பிறகு, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தோடு, கோயில்பிள்ளை அண்ணாச்சி முன்னால் நடக்க, மாரிக்கனியும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். வீட்டை நெருங்கும்போதே கேட்டது. திறந்திருந்த ஜன்னல் வழியாக, பாதி கரைந்த, கரகரத்த, நிறுத்தி நிறுத்திப் பேசுகிற குரல் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரிக்கனி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

"செண்பகம்" என்றது குரல். "நீ டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டேதான் நான் மத்தியானம் கண் அசருவேன். நீ நிறுத்தினா முழிச்சிருவேன். அது உனக்குத் தெரியாது."

செண்பகவல்லி நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், எதையோ தேடுகிறவளைப்போல.

"அவுகதானா மாரி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதைச் சந்தோஷத்தில் கேட்கிற கேள்வி என்று நினைத்த மாரிக்கனி, தேம்பிக்கொண்டே அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "அவுகளேதான் மதினி! அண்ணனேதான்! இந்தக் குரலை எங்க வேணும்னாலும் கண்டுபிடிச்சிருவேனே நான்!"

"மாப்பிள்ளையேதான் தாயி" என்றார் வாசற்படியிலிருந்து அண்ணாச்சி. "மில்லுல கேட்ட அதே குரல். உனக்கு இப்பவாவது கேக்குதே, அது போதும்."

எல்லோரும் அழுதார்கள். எல்லோருக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் செருமும் என்று தெரிந்து, அதற்கு முன்பே அவர்கள் தலை அசைந்தது. செண்பகவல்லி கூர்ந்து கேட்டாள். நல்ல குரல்தான். வயதான, உடம்பு சரியில்லாத, யார்மேலோ மிகுந்த பிரியம் வைத்திருக்கிற ஒருவருடைய குரல். அவர் யாரென்று தெரியவில்லை.

"ஆமா, அவுகதான்" என்றாள்.

வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் மோர் கலக்கினாள். குரல் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு முன்னறை நிலைப்படிவரை வந்தவள், பழக்கமில்லாத ஆண்பிள்ளை ஒருவர் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் செய்வதைப்போல, தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே நுழைந்தாள்.